தொட்டிலின் சட்டங்கள்

ஆங்கிலத்தில் குழந்தையின் படுக்கைக்கு வழங்கும் ‘கொற்’ என்னும் சொல் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வணிகத்தின் பொருட்டு இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், அங்கு ஹிந்தியில் ‘காட்’ என வழங்கிய எளிய கட்டிலின் பெயரைத் தம் மொழிக்குக் கொண்டு சென்றனர். அது வடமொழியின் ‘கட்வா’ என்பதிலிருந்து வந்தது. அவ்வடமொழிச் சொல்லோ திராவிட மொழியொன்றிலிருந்து பெறப்பட்டதாகலாம் என்றும், தமிழின் ‘கட்டில்’ அதனோடு ஒப்புநோக்கத் தக்கது என்றும் சொற்பிறப்பு அகராதிகள் குறிக்கின்றன. கப்பல்களில் தொங்கிய படுக்கைக்கும் வழங்கிய இச்சொல், குழந்தையின் படுக்கையைக் குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலேதான். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வழங்கும் ‘கிரிப்’ என்பது மாட்டுக்குத் தீனியிடும் தொட்டியைக் குறித்த பழஞ்சொல். ஆக, எமது சொல் எமக்கு முன்னரே கப்பலேறிப் புலம்பெயர்ந்து, மேல்நாட்டுக் குழந்தையின் அறைக்குள் குடிபுகுந்துவிட்டது.

இதனைப் பெருமை பேசுவதற்காக இங்கு எடுத்துரைக்கவில்லை. பிள்ளைப்பேறு நெருங்கும் வீடுகளில் இன்று எழும் ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். புதிதாகத் தொட்டில் வாங்குவதா, அல்லது உறவினர் வீட்டுப் ‘பேஸ்மென்ற்’றில் நான்கு பிள்ளைகளைக் கண்டு இப்போது சும்மா கிடக்கும் பழைய தொட்டிலைக் கொண்டுவந்து துடைத்துப் பாவிப்பதா? காசை எண்ணிச் செலவழிக்கப் பழகிய எம்மவருக்கு இரண்டாவது வழியே இயல்பாகத் தோன்றும். ‘அதில் வளர்ந்த பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கின்றார்கள்’ என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறியத் தொட்டிலின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

எம்மூரிற் பிறந்தோருள் பெரும்பாலோர் முதலிற் கண்ணயர்ந்தது மரத்தொட்டிலில் அன்று, ஏணையில். தமிழகத்தார் இதனைத் தூளி என்பர். தாயின் பழைய நூற்சேலையொன்றை வீட்டு வளையிற் கட்டித் தொங்கவிட்டால் ஏணை ஆயிற்று. செலவேதும் இல்லை. சேலையின் நூல் காற்றை உள்விடும், வெக்கைக்கு இதமானது, எறும்பும் பூச்சியும் எட்டாத உயரம். ஆனால் ஏணையை ஏணையாக நடத்தியது சேலை மட்டுமன்று. அதன் அருகில் எப்போதும் ஒருவர் இருந்தார். அம்மம்மா இருந்தார், பெரியம்மா இருந்தார், பள்ளிக்கூடம் போகும் வயது வராத சின்ன அக்கா இருந்தாள். குழந்தை முனகினாலும் முனகாமல் இருந்தாலும் யாராவது எட்டிப் பார்த்தனர். இரவில் குழந்தை பாயில் தாயின் அருகே கிடந்தது.

இங்கு அடுக்குமாடியின் கொங்கிறீற்றுக் கூரையில் வளையும் இல்லை, வீட்டில் அந்த ஆட்களும் இல்லை. தந்தை இரவு வேலைக்குப் போய்விட, தாய் தனித்துக் களைத்து உறங்கும் வீட்டில், பார்ப்பாரற்ற ஏணை பழைய ஏணையாகாது. துணி வளைந்து கொடுக்கும்போது கழுத்து உறுதிப்படாத சிசுவின் நாடி நெஞ்சோடு மடிந்து மூச்சுக்குழாயை ஒடுக்கக்கூடும் என்பதும், உறங்குமிடம் தட்டையாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும் என்பதும் இன்றைய குழந்தை வைத்தியர்கள் கூறும் விளக்கம். ஏணையைப் பழிப்பது எமது நோக்கமன்று. அது பிறந்த வீடு வேறு.

மேல்நாட்டாரிடம் தொட்டில் மிகப் பழைய பொருளே. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹேர்க்கியுலேனியம் நகரில், கரிந்துபோன மரத்தொட்டில் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. வளைந்த அடிக்கட்டைகளின்மேல் ஆடும் வகையில் அமைந்த அதனுள் ஒரு சிசுவின் எச்சமும் இருந்தது. எனினும் ஏழைகள் பலரது வீடுகளில் குழந்தை நெடுங்காலம் பெற்றோரின் படுக்கையிலேயே உறங்கியது. இரவில் தாய் அறியாது புரண்டு படுத்ததாற் குழந்தை மூச்சடைத்து இறப்பது பற்றிய அச்சமும் அதனோடு கூடவே வந்தது. விவிலியத்தில் சாலமோன் அரசன் முன் இரு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடிய கதை எம்மிற் பலருக்குத் தெரியும். அவ்வழக்கின் தொடக்கமே இத்தகைய ஒரு மரணந்தான். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தார் இதற்கென மரச்சட்டமொன்றைச் செய்திருந்தனர். ‘ஆர்குச்சியோ’ எனப்பட்ட அது வளைந்த சிறு கூடு போன்றது. குழந்தையின்மேல் அதனை வைத்துவிட்டால் தாயின் உடலோ போர்வையோ குழந்தையை அழுத்தாது. பால் கொடுக்க வசதியாகப் பக்கத்தில் ஒரு வெட்டும் இருந்தது. லண்டன் ரோயல் சங்கத்தின் வெளியீட்டில் 1732இல் இதனைப் பற்றிய விவரம் வெளிவந்தது. ஆயினும் இங்கிலாந்தில் இது பரவவில்லை.

பதிலாகப் பரவியது பழிச்சொல். ஸ்கொற்லாந்தின் டண்டி நகரப் பொலிஸ் வைத்தியரான சாள்ஸ் ரெம்பிள்மன் என்பார், அந்நகரில் மூச்சடைத்து இறந்த 258 குழந்தைகளைப் பற்றி 1892இல் ஓர் ஆய்வு எழுதினார. சனிக்கிழமை இரவுகளில் இம்மரணங்கள் மிகுதியாக நிகழ்ந்ததை அவர் கண்டார். அறியாமை, கவனயீனம், குடிவெறி, இடநெருக்கடி என்பவற்றைக் காரணங்களாகக் காட்டினார். இப்பட்டியலின் முதல் மூன்றும் தாயைச் சாரும். நான்காவது வீட்டுச் சொந்தக்காரனைச் சாரும். சட்டம் எவரை நோக்கிச் சென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1908ஆம் ஆண்டின் பிரித்தானியச் சிறுவர் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை, குடிபோதையிற் படுக்கைக்குச் சென்ற 16 வயதுக்கு மேற்பட்ட ஒருவரோடு ஒரே படுக்கையிற் கிடந்து மூச்சடைத்து இறப்பின் அதனைத் தண்டனைக்குரிய புறக்கணிப்பாகக் கொண்டது. அம்மரணங்களுட் பல, காரணம் அறியப்படாத திடீர் மரணங்களாகவே இருந்திருக்க வேண்டும் என இக்கால ஆய்வாளர் கருதுவர். ஒரே அறையில் ஆறு பேர் படுத்த குடும்பத்தின் தாய் எத்தனை பேர் செய்யாத குற்றத்தைச் சுமந்தனரோ! ரொறன்ரோவின் சென். ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஒரு படுக்கையறைக்குள் இரு குடும்பங்கள் வாழ்ந்த நாட்களை நினைவில் வைத்திருப்போருக்கு இவ்வரலாற்றுப் பக்கம் அந்நியமாகத் தோன்றாது.

அதே காலத்தில் நல்லதொரு சிந்தனையும் தோன்றியது. தாய்க்குப் புத்தி சொல்வதைக் காட்டிலும் குழந்தைக்கு ஓரிடம் கொடுப்பது மேல் என்பது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் ஏழைப் பகுதிகளில் இயங்கிய தாய்மார் நிலையங்களில், வாழைப்பழம் வந்த மரப்பெட்டியைத் தொட்டிலாக்கும் முறையைக் கற்பித்தனர். சில பென்ஸ் காசுடன் வேலை முடிந்தது. பின்லாந்து அரசு இச்சிந்தனையை இன்னும் விரிவாக நடைமுறைப்படுத்தியது. 1937இல் இயற்றிய சட்டத்தின்படி, வருவாய் குறைந்த தாய்மாருக்கு 1938 முதல் குழந்தையின் உடுப்புகளும் துணிகளும் அடங்கிய பெட்டியொன்றை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அது கிடைத்தது. கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் வைத்தியரிடமோ மருத்துவ நிலையத்திலோ தம்மைக் காட்டியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பெட்டியின் அடியிற் சிறு மெத்தை ஒன்று பொருந்தியிருந்தது. ஆகவே வெறுமையான பெட்டியே குழந்தையின் முதற் படுக்கையாயிற்று. பின்லாந்தில் சிசு மரணம் குறைந்தமைக்குக் கடதாசிப் பெட்டியைக் காரணங்காட்டுவோர் உளர். அந்த நிபந்தனை செய்த வேலை பெட்டி செய்ததைவிடப் பெரிது என்பதே எமது எண்ணம். எனினும் தட்டையான அடி, இறுக்கமான மெத்தை, தனக்கென ஓரிடம் ஆகியவை இருந்தாற் போதும், விலை பொருட்டன்று என்பதை அப்பெட்டி காட்டிற்று.

இனி, இன்று நாம் கடையிற் காணும் தொட்டிலுக்கு வருவோம். உயர்ந்த நான்கு பக்கங்களும் நிரையான அழிகளும் கொண்ட இத்தொட்டில் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் படைப்பு. அக்காலத்தில் மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி மரத்தைத் தவிர்த்து இரும்பிலும் பித்தளையிலும் செய்தனர். பின்னர் மரம் திரும்பி வந்தது. அதன்மேல் வெள்ளை நிறப்பூச்சும் வந்தது. தூய்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட அந்த வெண்மையே முதல் ஆபத்தாக அமைந்தது. வெண்பூச்சின் மூலப்பொருள் ஈயம். அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகர வைத்தியர்கள், வீட்டு விறாந்தைக் கிராதிகளின் பூச்சினால் சிறுவர் ஈய நஞ்சுக்கு ஆளாவதை 1904ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டனர். பத்து ஆண்டுகளின் பின், 1914இல், ஐக்கிய அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் தன் தொட்டிலின் அழிகளிற் பூசிய வெண்பூச்சைக் கடித்துத் தின்று வந்தான் என்பதை அவனைப் பார்த்த வைத்தியர்கள் பதிவு செய்தனர். பல்முளைக்கும் பிள்ளை எதைத்தான் கடிக்காது? ஆயினும் அந்நாட்டில் வீட்டுப் பூச்சில் ஈயத்தைத் தடைசெய்யும் விதி வந்தது 1978இல். கனடாவில் 1976இல் உட்புறப் பூச்சுக்கான ஈய அளவு நூற்றுக்கு அரைப் பங்காகக் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில் அது மேலும் இறுக்கப்பட்டது. ஒரு சிறுவனின் மரணத்துக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல்.

தமிழில் ‘சட்டம்’ என்னும் சொல் மரத்தாலான விளிம்பையும் குறிக்கும்; அரசின் விதியையும் குறிக்கும். தொட்டிலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றே. அதன் ஒவ்வொரு மரச்சட்டமும் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஓர் அரசாங்கச் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டத்தின் பின்னே பெரும்பாலும் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது.

அழிகளின் இடைவெளியை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் நாம் தலை நுழையுமா என்று பார்ப்போம். குழந்தையோ தலையால் நுழைவதில்லை. உறக்கத்தில் உதைத்து நழுவும்போது கால்கள் முதலில் வெளியே போகின்றன, இடுப்பு தொடர்கிறது, மார்பும் நெளிந்து நுழைந்துவிடுகிறது, உடலிற் பெரிதான தலை மாத்திரம் அழிகளிடையே அகப்பட்டுக்கொள்ள, உடல் வெளியே தொங்குகிறது. ஆகவே இடைவெளி தலைக்கு அன்று, சிசுவின் சிறிய இடுப்புக்கே அளவாயிருத்தல் வேண்டும் என்பதைக் கண்டறிந்த ஐக்கிய அமெரிக்காவின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, 1973இல் முதலாவது கட்டாய விதியை வகுத்தது. அழிகளிடை 2 3/8 அங்குலத்துக்கு, அதாவது 6 சென்ரிமீற்றருக்கு, மேற்படலாகாது. கனடாவின் அளவும் 6 சென்ரிமீற்றரே. ஐரோப்பாவின் ஈ.என். 716 எனப்படும் நியமம் 4.5 முதல் 6.5 சென்ரிமீற்றர் வரை எனக் கூறுகிறது; மிகக் குறுகினாற் கைகால் சிக்கும் என்பதால் கீழெல்லையும் உண்டு. அடிமட்டம் இல்லாதவர் குளிர்பானத் தகரக் குவளையொன்றை எடுத்துப் பார்க்கலாம். அதன் விட்டம் 6.6 சென்ரிமீற்றர் அளவு. அழிகளூடே அது நுழையுமாயின் அத்தொட்டில் ஆகாது.

மூலைக்கம்பங்களின் மேலிருந்த அழகான குமிழ்களும் இவ்வாறே மறைந்தன. எழுந்து நிற்கப் பழகும் பிள்ளையின் சட்டைக் கழுத்தோ, கழுத்திலுள்ள நாடாவோ குமிழிற் கொளுவிக்கொள்ளப் பிள்ளை தொங்கிவிடும். அமெரிக்க நியமம் இப்போது சாதாரண மூலைக்கம்பத்துக்கு ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் உயரம் அனுமதிப்பதில்லை. எம் வழக்கம் ஒன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதம் கோத்த சங்கிலி போடுவோம். படம் எடுத்து, வந்தவர்களை அனுப்பிய பின், பிள்ளையைப் படுக்கவிடும் முன் அதனைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவதே முறை. உறங்கும் குழந்தையின் கழுத்தில் எதுவுமே இருத்தலாகாது.

கனடாவில் 1986ஆம் ஆண்டு இரு காரணங்களால் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்ற் மாதம் 11ஆம் நாள், இரு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்த எம்மவர் 155 பேரை அப்பகுதி மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். அடுத்த மாதம், செப்டம்பரில், கனடாவின் இறுக்கமான தொட்டில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அதன் பின்வந்த ஆண்டுகளில் எம்மவர் இங்கு குடும்பமாகிப் பிள்ளை பெற்றபோது, கறாஜ் விற்பனையிலும் தெருவோரத்திலும் பழைய பொருட் கடைகளிலும் கிடைத்த தொட்டில்களிற் பல அந்த விதிக்கு முந்தியவை. செப்டம்பர் 1986இற்கு முன் செய்யப்பட்ட தொட்டிலைப் பாவிக்கவே கூடாது என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் நிலையான அறிவுரை. விதிக்கு அமையாத தொட்டிலை விற்பது மட்டுமன்று, இலவசமாகக் கொடுப்பதும் இந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. இரண்டாவது செய்தி எம்மவரிற் பலருக்குப் புதிதாயிருக்கும். அன்பளிப்பு என்ற எண்ணத்தோடு கைமாறும் பொருளுக்குச் சட்டம் உண்டென்று யார் நினைப்பார்?

1986இற்குப் பிந்தியதாயினும் நம்பிவிட முடியாத ஒரு வகை உண்டு. ஒரு பக்கம் மேலுங் கீழும் இறங்கும் தொட்டில் அது. குனிய முடியாத தாய்க்கு அது பெரும் வசதி. எமது வீடுகளில் மிக விரும்பப்பட்டதும் அதுவே. அதன் இறங்கும் பக்கம் தண்டுகளிலும் பிளாஸ்ரிக் கொளுவிகளிலும் தங்கியிருந்தது. புதிதாக இருக்கும்வரை குறையில்லை. ஒரு வீட்டிற் கழற்றி, காரில் ஏற்றி, மறுவீட்டிற் பூட்டி, ஐந்தாறு ஆண்டுகளில் மூன்று முறை இடம் மாறும்போது ஒரு திருகாணி தொலைகிறது. கொளுவியில் மயிரிழை போல வெடிப்பு விழுகிறது. ஒருவர் கம்பியால் இறுக்கிக் கட்டிக் கொடுக்கிறார். ஒருநாள் இரவில் பிள்ளை சாயும்போது அப்பக்கத்தின் ஒரு மூலை மட்டும் விலகுகிறது. மெத்தைக்கும் பக்கத்துக்கும் இடையே ஆப்பு வடிவான பிளவு ஒன்று திறக்கிறது, பிள்ளை அதற்குள் வழுகுகிறது, தலை இறுகுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் 2010 வரை இவ்வாறு கழன்ற பக்கங்களோடு தொடர்புடைய குழந்தை மரணங்கள் குறைந்தது 32 என அந்நாட்டு ஆணைக்குழு கணக்கிட்டது. 2007 முதல் ஒரு கோடி பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொட்டில்கள் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. 2011 ஜூன் 28 முதல் அந்நாட்டில் இவ்வகைத் தொட்டிலைச் செய்வதும் விற்பதும் தடையாயிற்று. கனடாவில் 2016ஆம் ஆண்டின் புதிய விதிகள் அதனைச் சந்தையிலிருந்து அகற்றின. பிரித்தானியாவில் இன்றும் தடை இல்லை. அங்குள்ள எம்மவர் புதியதை வாங்கும்போது இதனை மனத்திற்கொள்வது நல்லது.

‘ஆபத்தானது என்றால் அரசு திரும்பப் பெற்றிருக்குமே’ என்பார் சிலர். சிக்காகோ நகரில் 1998 மே மாதம் நிகழ்ந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அனுமதி பெற்ற பராமரிப்பு இல்லமொன்றில், மடித்து எடுத்துச் செல்லும் தொட்டிலின் மேற்சட்டம் நடுவே மடிந்து விழ, ஒன்றரை வயதளவான ஆண்குழந்தையொன்று கழுத்து நெரிந்து இறந்தது. அத்தொட்டில் வேறு குழந்தைகள் இறந்த காரணத்தால் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1993இல், மீளப்பெறப்பட்ட வகை. அறிவித்தல் வெளிவந்தது உண்மை. அது அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. அக்குழந்தையின் பெற்றோர் ஓர் அமைப்பை நிறுவிப் பத்தாண்டு போராடினர். 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் அப்பிள்ளையின் பெயராலேயே ஒரு பகுதி உண்டு. தொட்டில் போன்ற பொருட்களோடு வாங்குவோரின் முகவரியைப் பதியும் அட்டையை உற்பத்தியாளர் வைத்தல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. புதுப்பொருளின் பெட்டியைப் பிரித்தவுடன் எம்மவர் முதலில் எறிவது அந்த அட்டையைத்தான். ஆங்கிலத்தில் வரும் அறிவித்தலை வாசிக்க ஆளில்லாத வீடுகளுக்கு அதன் தேவை மற்றவரைக் காட்டிலும் அதிகம்.

தொட்டிலின் மரம் திருந்திய காலத்தில் அதனுள்ளே பிள்ளையைக் கிடத்தும் முறையிற் பெரும் பிழையொன்று வளர்ந்தது. பிள்ளையைக் குப்புறக் கிடத்துவதே நல்லது, மல்லாக்கக் கிடத்தினால் கக்கிய பால் புரையேறும் என மேல்நாட்டு நூல்கள் கூறலாயின. உலகப் புகழ்பெற்ற வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக் அவர்களின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் பிற்பகுதியிலிருந்து இதனையே கூறிற்று. குப்புறக் கிடந்த குழந்தைகள் மூச்சடைத்து இறப்பதை நியூயோர்க் வைத்தியர் ஹரோல்ட் ஏப்ரம்சன் 1944இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். கேட்பாரில்லை. 1980களின் பிற்பகுதியில் நியூசிலாந்திலும் பிரித்தானியாவின் பிறிஸ்ரல் பகுதியிலும் நிகழ்ந்த ஆய்வுகள் உண்மையை நிறுவின. பிரித்தானியாவில் 1991 டிசம்பரிலும் ஐக்கிய அமெரிக்காவில் 1994இலும் ‘மல்லாக்கக் கிடத்துங்கள்’ என்னும் பிரசாரம் தொடங்கியது. பிரித்தானியாவில் சில ஆண்டுகளுள் திடீர்க் குழந்தை மரணங்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. 1970ஆம் ஆண்டளவில் கைக்கெட்டிய சான்றுகளை ஒழுங்காகத் தொகுத்திருந்தால் பிரித்தானியாவில் 10,000இற்கும் மேலான குழந்தைகளையும், ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரலேசியா ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கக்கூடும் என 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு நூலாசிரியரின் வசனம் சுமக்கும் பாரத்தை, புத்தகங்களோடு வாழ்நாளைக் கழித்த எம் போன்றோர் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. எமது கிழவிகள் பிள்ளையை மல்லாக்கவே கிடத்தினர். அவர்களுக்குப் புள்ளிவிபரம் தெரியாது. பிள்ளையின் முகம் தெரிய வேண்டும் என்பது தெரியும்.

அதே கிழவிகள் விரும்பிய இலவம்பஞ்சுத் தலையணையை மாத்திரம் இங்கு ஏற்பதற்கில்லை. தொட்டிலுக்குள் தலையணை, பஞ்சுப் போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். அழிகளைச் சுற்றிக் கட்டும் மெத்தென்ற திரைச்சீலை, முற்காலத்து அகன்ற இடைவெளியில் தலை போகாதிருக்க உதவியது. இடைவெளி குறுகிய பின் அதற்கு வேலையில்லை. மூச்சை மறிக்கும் ஆபத்து மட்டுமே எஞ்சியது. ஐக்கிய அமெரிக்கா 2022இல் அதனைச் சட்டத்தாற் தடைசெய்தது. கனடாச் சுகாதாரத் திணைக்களமும் வேண்டாமென்றே கூறுகிறது. ஆனாற் கடைகளில் தொட்டிலோடு சேர்த்து ‘செற்’ ஆக அடுக்கி வைத்துக் கண்ணைப் பறிப்பவை இத்துணிகளே. பணம் கரைவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே சிக்கனம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இவ்வரலாறு ஓரளவு தெளிவாக்குகிறது. இந்நாட்டில் சட்டப்படி புதிதாக விற்பனைக்கு வரும் எத்தொட்டிலும், அது மிக மலிந்ததாயினும், அதே அளவு விதிகளுக்கு அமைந்திருத்தல் வேண்டும். விலை கூடியதில் நாம் கொடுக்கும் மேலதிக காசு மரத்தின் இனத்துக்கும் மெருகுக்கும் அடியிலுள்ள லாச்சிக்கும், பின்னர் சிறுவர் கட்டிலாக மாற்றும் வசதிக்குமே போகிறது. அவை வேண்டியவர் வாங்கட்டும். பாதுகாப்பை அக்காசால் வாங்கியதாக எண்ண வேண்டாம். மிக மலிந்த புதுத்தொட்டில், மிக அழகிய பழைய தொட்டிலைவிடப் பெறுமதியானது என்பதே எமது துணிபு. பாவித்ததை வாங்கியே ஆகவேண்டுமாயின், செய்த நிறுவனத்தின் பெயரும், மாதிரி இலக்கமும், செய்த திகதியும் பொறித்த ஒட்டு அதில் இருத்தல் வேண்டும். அது கிழிந்திருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். ஒட்டிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் சுகாதாரத் திணைக்களத்தின் மீளப்பெறற் பட்டியலோடு ஒப்பிட வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். நான்கு பக்கங்களும் அசையாதவையாய், எல்லாத் திருகாணிகளும் உரியவையாய் இருத்தல் வேண்டும். மெத்தை 15 சென்ரிமீற்றரிலும் தடிப்பாயிருத்தலாகாது. ஒரு மூலைக்குத் தள்ளிப் பார்க்கும்போது எதிர்ப்பக்கத்தில் 3 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி தோன்றலாகாது. பெரியவரின் மெத்தையை வெட்டி இடுவது, இரண்டை அடுக்குவது என்பன வேண்டா. பிள்ளை தானாக எழுந்து இருக்கத் தொடங்குமுன் மெத்தையை அடித்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும்.

தனியறை இல்லையே எனக் கவலைப்படும் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதல். முதல் ஆறு மாதங்களாவது தொட்டில் பெற்றோரின் அறையிலேயே இருப்பதே நன்று என்பதுதான் வைத்தியர்களின் அறிவுரையும். பெற்றோரின் கட்டிலுக்கருகே, சாளரத்திரையின் கயிறு எட்டாத இடத்தில் அதனை வைத்தாற் போதும். பால் கொடுத்தபடி சோபாவில் உறங்கிவிடுவதையே எல்லாவற்றிலும் கொடிய ஆபத்தாக அவர்கள் எண்ணுகின்றனர். இரவு வேலை முடிந்து வந்து பிள்ளையை நெஞ்சிற் கிடத்திச் சாயும் தந்தையர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

‘பேஸ்மென்ற்’றிலுள்ள பழைய தொட்டிலை என்ன செய்வது என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. அதில் வளர்ந்த பிள்ளை இன்று பல்கலைக்கழகம் செல்வதால் அதனை எறிய மனம் வராது. நினைவுக்கு வேண்டுமானால் ஓர் அழியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். மற்றதை முழுதாகத் தெருவோரத்தில் வைத்தலாகாது. இந்நாட்டுக்குப் புதிதாக வந்த இன்னொரு குடும்பம், சிரியாவிலிருந்தோ எரித்திரியாவிலிருந்தோ வந்தவர்கள், அதனை நல்ல பொருளென நம்பி எடுத்துச் செல்வர். பக்கங்களை வேறாக்கி, அழிகளை உடைத்து, திருகாணிகளைத் தனியே ஒரு பையிலிட்டு, இனி எவரும் பூட்ட முடியாதபடி செய்த பின்னரே குப்பை எடுக்கும் நாளில் வெளியே வைத்தல் வேண்டும்.